பழைய பதிவு அழிந்துவிடும், சம்மதமா?

ஊரப்பாக்கம் தாண்டி ரயில் வேகம் பிடித்ததும் வைகுந்தவல்லி வழக்கம்போலக் கைப்பையிலிருந்து அந்தக் கையடக்க வீடியோ கேமை எடுத்தாள். புடவைத் தலைப்பால் திரையை ஒரு தடவை துடைத்துவிட்டுப் பக்கவாட்டுப் பொத்தானைத் தள்ளினாள். சின்ன மணிச்சத்தம் வந்தது, தலைப்புப் படம் வந்தது, ‘தொடர்க’ என்ற இடத்தில் அம்புக்குறி வந்து நின்றது. அழுத்தினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் விட்டுவிட்டு வந்த பனிமலைக் குகை வாசல் வரவேண்டும். வரவில்லை. ஒரு சின்ன அறை வந்தது. ஒரு கட்டில், ஒரு டிவி, மூலையில் ஒரு தொட்டிச் செடி. அந்த அறையை அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் நாள் பார்த்தது. விளையாட்டு தொடங்குகிற அறை அது, அதற்குப் பிறகு யாரும் அங்கே திரும்பிப் போவதில்லை. தப்பாக ஏதோ அழுத்திவிட்டோம் என்று அணைத்தாள், மறுபடி போட்டாள். கட்டில், டிவி, செடி. மறுபடி அணைத்தாள். வாயால் ஊதினாள், எதற்கு ஊதினாள் என்று தெரியவில்லை, மகன் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறாள். உள்ளே இருந்த விளையாட்டு அட்டையைக் கழற்றி மாட்டினாள். கட்டில், டிவி, செடி. மேலே ஓரத்தில் விளையாடுகிறவரின் பெயர் இருந்தது. ஆதிரா. வைகுந்தவல்லியின் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. சக்கரச் சத்தம் எங்கோ பக்கத்துத் தண்டவாளத்தில் கேட்பதுபோல இருந்தது. ஆதிரா நாத்தனார் பங்கஜத்தின் மகள். நேற்று வந்திருந்தாள். தம்பிக்குக் காதுகுத்து என்று அழைக்க வந்தவர்களோடு வந்து, கூடத்தில் உட்கார்ந்து, போரடிக்கிறது என்று காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னடி வல்லி, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்க? உன் பூச்சியெல்லாம் செத்துப்போச்சா?” என்றாள் எதிர் இருக்கையில் இருந்த செங்கமலம். கிண்டலுக்குத்தான் கேட்டாள். இருவரும் கூடுவாஞ்சேரியில் ஒன்றாக ஏறுகிறவர்கள், பாரிமுனையில் ஒரே கட்டடத்துக்குப் போகிறவர்கள். இவள் கீழ்த்தளத்தில் கப்பல் சரக்கு அலுவலகத்தில், அவள் மேல்மாடி வக்கீலிடம் டைப்பிஸ்டாக. செங்கமலம் தினமும் ரயிலில் மல்லிகை தொடுப்பாள், பார்க் ஸ்டேஷன் வருவதற்குள் ஒரு முழம் தேறிவிடும். கண் பூவில் இருக்காது, அடுத்தவர் முகத்தில்தான் இருக்கும். “ஒண்ணுமில்ல” என்றாள் வைகுந்தவல்லி. “ஒண்ணுமில்லன்னா நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. வர்ற ஞாயித்துக்கிழமை என் நாத்தனாருக்கு வளைகாப்பு. கேசரி நீதான் கிண்டித் தரணும். அறுபது பேருதான். சரியா?” தொண்டை வரைக்கும் அந்தச் சொல் வந்துவிட்டது. அதற்குள் வண்டலூரில் வண்டி நின்று, கூடையோடு ஏறிய ஒரு கொய்யாக்காரி நடுவில் புகுந்து, செங்கமலத்தின் முழங்காலை இடித்து, அவர்களுக்குள் ஒரு சண்டை ஆரம்பமாகி, கேள்வி அப்படியே நின்றது.

வண்டலூர். மூன்று மொழியில் மஞ்சள் பலகை ஜன்னலுக்கு நேராக நின்றது. வைகுந்தவல்லி அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டு ஏன் பார்த்தோம் என்று நினைத்தாள். அவளுடைய நரி இங்கேதான் கிடைத்தது. சிக்னலுக்காக வண்டி வெகுநேரம் நின்ற ஒரு மழைநாளில், புல்லுக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில், வால் நுனியில் மட்டும் நெருப்போடு வந்தது. பிடித்ததும் பெயர் வைக்கச் சொல்லி விளையாட்டு கேட்கும். அவள் எந்த ஸ்டேஷனில் எந்தப் பிராணி கிடைக்கிறதோ அந்த ஸ்டேஷன் பெயரையே வைப்பாள். ஆங்கிலத்தில் ஏழு எழுத்துக்கு மேல் இடமில்லை என்பதால் எல்லாப் பெயருக்கும் வால் அறுந்திருக்கும். வண்டலு. பெருங்களத்தூரில் பிடித்த குண்டுத் தவளை, பெருங்கா. தாம்பரத்துக் கூட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பிடித்த பறவை, தாம்பரா. முதன்முதலில் கூடுவாஞ்சேரியில் வண்டி கிளம்புவதற்குள் ஒரு விஞ்ஞானிக் கிழவர் கொடுத்த பச்சைப் பல்லி, கூடுவான். புல்லில், குகையில், குளத்தில் திரிகிற விசித்திரப் பிராணிகளைப் பிடிப்பது, வளர்ப்பது, மற்றவர்களுடையதோடு மோதவிட்டு ஜெயித்து, ஊருக்கு ஒரு மெடலாக வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது, அவ்வளவுதான் விளையாட்டு. மகன் மதுசூதனன் பள்ளியில் படித்த காலத்தில் அவன் சித்தப்பா துபாயிலிருந்து வாங்கி வந்தது. வேலைக்காகப் புனே போனபோது பழைய செருப்போடு இதையும் விட்டுவிட்டுப் போனான். எறியலாமா என்று எடுத்துப் பார்த்தவள், போட்டுத்தான் பார்ப்போமே என்று போட்டாள். அது முதலில் கேட்டது, உன் பெயர் என்ன என்று. வீட்டில் ‘இந்தாம்மா’, அலுவலகத்தில் ‘மேடம்’, போனில் ‘அம்மா, பணம் வந்துடுச்சு’. ஒரு நிமிஷம் மகன் பெயரைப் போடலாமா என்று யோசித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டாள். வைகுந்த் என்பதோடு இடம் முடிந்துவிட்டது. அதுவும் இப்போது இல்லை. ஆதிரா இருக்கிறாள். மறுபடி அணைத்துவிட்டுப் போடலாமா? போட்டாள். கட்டில், டிவி, செடி.

பெருங்களத்தூர் பலகை போயிற்று. தவளை. எதற்கு இந்தப் பதற்றம், என்ன போயிற்று என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டாள், பத்திரிகையில் எங்கோ விபத்துச் செய்தி படிக்கிறவள் மாதிரி, உயிர்ச்சேதம் இல்லை என்று முடித்துவிடப் பார்த்தாள். முடியவில்லை. அப்பா போனபோது இப்படி இல்லை. அதை நினைக்கப் பயமாக இருந்தது. அப்பா போன செய்தி வந்தபோது அவள் அடுப்பை அணைத்தாள், மோரை ஃப்ரிட்ஜில் வைத்தாள், பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்தாள், பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்ததா என்றுகூடப் பார்த்தாள். அழுகை மூன்றாம் நாள்தான் வந்தது, அதுவும் யாரோ காபியில் சர்க்கரை போட மறந்ததற்கு. இப்போது ஒரு பல்லிக்கும் நரிக்கும் தவளைக்கும் நெஞ்சுக்குள் யாரோ கையை விட்டு எதையோ தேடுகிறார்கள். நான் என்ன மாதிரி மனுஷி. இதை யாரிடம் சொல்வது. வீட்டில் கணவரிடம் சொன்னால், அவர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, “அதுக்கா முகத்தைத் தூக்கி வச்சிட்டிருக்க? குழந்தைதானே, விளையாடிட்டுப் போவுது” என்பார். செங்கமலத்திடம் சொன்னால் இந்தப் பெட்டி முழுக்கச் சிரிக்கும். முன்பே ஒருநாள் கேட்டிருக்கிறாள், “நாப்பத்தேழு வயசுல இதுல அப்படி என்னடி இருக்கு?” என்று. அன்றைக்கு வைகுந்தவல்லி சும்மா பொழுதுபோகத்தான் என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். உண்மையான பதில் அன்று அலுவலக வேலையாக ராயபுரம் பக்கம் லாரிகளுக்கு நடுவே நடந்து போனபோதுதான் வந்தது, அதை யாருக்கும் சொல்லவில்லை. அந்த விளையாட்டில் எதிரி காத்திருப்பான். அதுதான். மலை மாதிரி ஒரு பிராணியை எதிரே நிறுத்திவிட்டு, நீ என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டுவிட்டு, நீ சொல்லும்வரை அப்படியே நிற்பான். மூச்சுவிட்டுக்கொண்டு மட்டும் இருப்பான். தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை யோசிக்கலாம். செங்கமலத்தோடு பேசிவிட்டு வரலாம். அலுவலகம் போய், வேலை முடித்து, சாயங்கால வண்டியில் ஏறிப் பார்த்தாலும் அதே மூச்சு, அதே காத்திருப்பு. இதை அவள் வேறெங்கும் பார்த்ததில்லை. மாமியார் இருந்தவரை கேள்வியும் பதிலும் அவரே சொன்னார். மேனேஜர் கேட்டுக்கொண்டே அடுத்த மேஜைக்குப் போய்விடுவார். இவள் வாய் திறப்பதற்குள் எல்லாம் முடிந்து, பாத்திரம்கூடத் துலக்கி வைத்தாகிவிடும். இங்கே தோற்ற பிராணிகூடச் சாவதில்லை, மயங்கித்தான் விழும், ஊர்க்கோடி மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் காசில்லாமல் தெளியவைத்து அனுப்புவார்கள். வளர்த்தால் வளர்கிறது. வளர்வது ஒரு நீலக்கோட்டில் தெரிகிறது. கல்யாணமான நாளிலிருந்து சமைத்த சமையலில் எந்த நீலக்கோடும் எங்கும் நகர்ந்ததாக அவள் பார்க்கவில்லை.

தாம்பரத்தில் கூட்டம் ஏறியது. யாரோ ஒருத்தியின் டிபன் கேரியர் தோளில் இடித்தது, சாம்பார்ச் சூடு ரவிக்கை வழியே தெரிந்தது. “கொஞ்சம் நகருங்கம்மா, சீட்டை எழுதி வாங்கிட்டீங்களா?” “உனக்குப் பொறத்தால ரெண்டு பேரு நிக்குற எடம் இருக்கே, அங்க நகரேன்.” தாம்பரா என்று ஒரு பறவை இருந்தது. இருந்தது என்று சொல்லலாமா? எங்கே இருந்தது? இந்தப் பெட்டிக்குள் ஒரு விரல்நகம் அளவு கறுப்புத் துண்டுக்குள், மின்சாரமாக. அதை அழித்தால் சத்தம்கூட வராது. இரண்டு வருஷத்து மழையும் வெயிலும் சிக்னல் கோளாறும் அதற்குள் இருந்தது. எந்த நாள் எந்த ஸ்டேஷனில் எதைப் பிடித்தாள் என்பது அவளுக்குத் தெரியும், அன்று என்ன புடவை என்றுகூடத் தெரியும். மற்றபடி அந்த இரண்டு வருஷத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் போனஸ் வந்தது, கேஸ் விலை ஏறியது என்பதற்குமேல் சொல்ல ஒன்றும் கிடையாது. சானடோரியம் போயிற்று. குரோம்பேட்டை வருமுன்பே அவள் கண் வாசல் பக்கம் போய்விட்டது. ஜெனிட்டா ஏறுகிற இடம். இன்றைக்கும் ஏறவில்லை. தோள்பை, பச்சை நிறக் குடை, ஈரம் காயாத பின்னல், எதுவும் தெரியவில்லை. ஜெனிட்டா நுங்கம்பாக்கத்தில் இறங்குகிற கல்லூரிப் பெண். அவளிடமும் இதே பழைய மாடல் கேம் இருக்கிறது, அண்ணனுடையது. ஒருநாள் வைகுந்தவல்லியின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “ஆன்ட்டி, பறவையை மாத்திட்டுக் கல்லை விடுங்க, தீயில பறவை நிக்காது” என்றாள். அப்படி ஆரம்பித்த ரயில் சிநேகம். எந்த ஜன்னலில் உட்காருவாள், எந்தக் கிழமை லேப், அம்மா எந்தச் சர்ச்சுக்குப் போவார் என்பதெல்லாம் தெரியும். வீடு எங்கே, போன் நம்பர் என்ன என்பது தெரியாது. ரயிலில் அதை யாரும் கேட்பதில்லை. மறுநாள்தான் வரப்போகிறார்களே.

அந்தப் பெண்தான் சொன்னாள், திரிசூல் இனிமேல் இப்படியே இருந்தால் வளராது என்று. திரிசூல் ஒரு கல். இரண்டு கை முளைத்த கருங்கல். திரிசூலத்தில் மலையை வெட்டியெடுத்த பள்ளம் தெரிகிற ஜன்னல் ஓரத்தில் கிடைத்தது. மந்தம். எல்லாரும் அடித்து முடித்த பிறகுதான் கையை ஓங்கும். ஆனால் விழாது, எவ்வளவு அடித்தாலும் நின்றுகொண்டே இருக்கும். அவளுக்கு மற்ற ஐந்தைவிட அதைப் பிடித்தது, ஏன் என்று அவள் ஆராய்ந்ததில்லை. “இந்த வகை மட்டும் இன்னொருத்தர் கைக்குக் கொடுத்தாத்தான் மாறும் ஆன்ட்டி. நம்மகிட்டயே வச்சிருந்தா ஆயுசுக்கும் இப்படியேதான். என்கிட்ட வயர் இருக்கு. நீங்க எனக்குத் தாங்க, மாறினதும் நான் திருப்பித் தந்துடுறேன்.” மாதக்கணக்கில் மறுத்தாள். திருப்பித் தருவாள், அது தெரியும், ஆனாலும் கொடுக்கிறது என்றால் கொடுக்கிறதுதானே. கடைசியில் போன வாரத்துக்கு முந்தின வாரம் ஒருநாள் ஒத்துக்கொண்டாள். இரண்டு கேமுக்கும் நடுவே ஒரு வயர். மடியோடு மடி உரசி உட்கார்ந்தார்கள். செங்கமலம் பூவை வைத்துவிட்டு, “என்னங்கடி, ரத்தம் ஏத்துறீங்களா?” என்றாள். கல் வயருக்குள் புகுந்து போனது. ஜெனிட்டாவின் திரையில் விரிசல் விட்டு, வெள்ளையாக எரிந்து, நாலு கையோடு எழுந்தது. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி ஒரு சத்தம் போட்டார்கள். பதிலுக்கு ஜெனிட்டா கொடுத்த எலி இவளிடம் வந்து முழித்துக்கொண்டு நின்றது. திருப்பி மாற்றவேண்டியதுதான் பாக்கி. நுங்கம்பாக்கம் வந்துவிட்டது. “நாளைக்கு ஆன்ட்டி!” என்று வயரைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். நாளைக்கு வரவில்லை. மறுநாளும் இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் குரோம்பேட்டையில் வைகுந்தவல்லி கழுத்தை நீட்டினாள். ஏமாற்றிவிட்டாள் என்று முதலில் நினைத்தாள். பிறகு அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்றோ என்று நினைத்தாள். அதற்குப் பிறகு, இரண்டையும் மாறி மாறி நினைத்தாள்.

பல்லாவரம். பல்லவா, நெருப்புக் குதிரை. போனது. இனி வரப்போவது திரிசூலம், அதையும் பார்த்துவிட்டால் ஆறும் முடிந்தது என்று எண்ணியவள் பாதி எண்ணத்தில் தடுக்கி நின்றாள். ஆறு இல்லை. மலையின் வெட்டுப்பட்ட முகம் ஜன்னலில் வந்தது, அதற்கு மேலே இறங்குகிற விமானத்தின் வயிறு. திரிசூல் நேற்று இதற்குள் இல்லை. அழிந்தபோது இல்லை. வெளியே இருந்தது. வேறொருத்தியின் பையில், குரோம்பேட்டையில் ஏதோ ஒரு வீட்டில், பெயர் தெரியாத தெருவில். எதைத் தொலைத்துவிட்டோம் என்று பத்து நாளாக வயிறெரிந்தாளோ அதுதான் மிஞ்சியிருக்கிறது. எதெல்லாம் பத்திரம் என்று கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாளோ அது எல்லாம் போய்விட்டது. அவளுக்கு உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள். வைகுந்தவல்லி தலைவலி என்பதுபோல நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் இனி வரவேமாட்டாளோ? கல்லூரியை மாற்றியிருந்தால்? அண்ணன் கேமை வாங்கிக்கொண்டிருந்தால்? அந்த வீட்டிலும் காலை ஆட்டிக்கொண்டு உட்காருகிற ஏதாவது ஒரு குழந்தை இருந்தால்?

குழந்தையைச் சொல்லி என்ன. மீனம்பாக்கம். அவர்தான் எடுத்துக் கொடுத்திருப்பார், கைப்பையைத் திறந்து. என் பையைத் திறக்கலாமா? திறப்பார், கத்தரிக்கோல் தேடுவார், தீப்பெட்டி தேடுவார், பையில் அவளுடையது என்று எதுவும் இருக்கமுடியும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. பங்கஜமும் அண்ணனுக்குக் குறைந்தவள் இல்லை, பிள்ளையை இப்படி வளர்த்தால். ஆனால் அந்த விளையாட்டு சும்மா அழிக்காதே. இந்த எண்ணம் பழவந்தாங்கலில் முள் மாதிரி மாட்டியது. புதிதாக ஆரம்பித்தாலும் சேவ் பண்ணும்போது அது கேட்கும். ஏற்கெனவே ஒரு பதிவு இருக்கிறது, பழைய பதிவு அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டு, அம்புக்குறியை ‘இல்லை’ என்பதில்தான் வைத்திருக்கும். ஆமாம் என்று சொல்ல வேண்டுமானால் விரலை நகர்த்தி அழுத்த வேண்டும். ஆதிராவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும். கெட்டிக்காரி, கேட்காமல் பிஸ்கட்கூட எடுக்கமாட்டாள். அப்படியானால் கேட்டிருப்பாள். யாரையோ கேட்டிருப்பாள். அவரைத்தான் கேட்டிருப்பாள், அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டியிருப்பார். அவரைத்தான். இந்த இடத்தில் பரங்கிமலையில் சமோசாக்காரர் ஏறினார். எண்ணெய் குடித்த காகிதத்தின் வாசனை பெட்டி முழுக்கப் பரவியது. சூடான எண்ணெய். கொதிக்கிற எண்ணெய். வாழைக்காய் பஜ்ஜி, ஒரு பக்கம் சிவந்து திருப்பவேண்டிய நேரம், குக்கர் இரண்டாவது விசில், பங்கஜம் கூடத்திலிருந்து “அண்ணி, காபிக்குச் சர்க்கரை கம்மியா” என்கிறாள், கரண்டியில் எண்ணெய் வடிகிறது, முதுகுக்குப் பின்னால் சமையலறை வாசலில் ஒரு சின்னக் குரல். “அத்தை, பழசு அழிஞ்சுடும்னு கேக்குது. சரின்னு போடவா?”

“சரிம்மா, போடு.”

அது அவருடைய குரல் இல்லை. வைகுந்தவல்லி தன் குரலைத் தானே கேட்டாள். சாதாரணக் குரல். அன்பாகக்கூட இருந்தது. திரும்பிப் பார்க்காமல், என்ன கேட்டாள் என்று காதில் வாங்காமல், எண்ணெயைப் பார்த்துக்கொண்டே சொன்ன குரல். குழந்தை, “தேங்க்ஸ் அத்தை” என்றுவிட்டுப் போனாள். போகும்போது நல்லபடி சேவ் பண்ணி, கைப்பையில் திருப்பி வைத்து, ஜிப்பையும் மூடியிருக்கிறாள். கேட்கவேண்டியவளைக் கேட்டுத்தான் செய்திருக்கிறாள். ரயில் நின்றதும் தெரியவில்லை, கிளம்பியதும் தெரியவில்லை. சரி. இந்த ஒரு சொல்லை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள், எதை எதை அழிக்கச் சொல்லி. “நீ வேலையை விட்டுட்டா அம்மாவுக்கு ஒத்தாசையா இருக்கும்” – சரி, மூன்று வருஷம் வீட்டில். “அந்தப் பாட்டு கிளாஸ் இப்ப எதுக்கு?” – சரி. “மதுவை ஹாஸ்டல்ல போட்டுடலாம்” – சரிங்க. “கேசரி நீதான்.” ஒவ்வொன்றிலும் யாரோ கேட்டுவிட்டுத்தான் செய்தார்கள், யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை, அம்புக்குறி எப்போதும் ‘இல்லை’ என்பதில்தான் நின்றிருந்தது, நகர்த்தியது இவள் விரல். மடியில் கேமின் திரை தானாக அணைந்துபோயிருந்தது, அதில் அவள் முகம் கறுப்பாகத் தெரிந்தது.

கிண்டியில் பாதிப் பெட்டி காலியானது. கூட்டம் விலகியதும், மறுகோடி வாசலிலிருந்து ஒரு பச்சைக் குடை அவளை நோக்கி வந்தது. “ஆன்ட்டி! அங்க ஏறிட்டேன், உள்ள வரவே முடியல. திட்டாதீங்க, ப்ளீஸ்.” முகத்தில் ஆறிய தழும்புகள், நெற்றியில் ஒன்று, மூக்கு நுனியில் ஒன்று. “அம்மை ஆன்ட்டி. எங்கம்மா ஞாயிறு தப்பாம சர்ச்சுக்குப் போறவங்கதான், ஆனா அம்மைன்னா வேப்பிலை, மூணு தண்ணி எல்லாம் உண்டு. மூணாவது தண்ணி நேத்துதான் ஊத்தினாங்க. கேமைத் தொட்டா கண்ணுக்கு ஆகாதுன்னு பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்க.” செங்கமலம் சட்டென்று கால்களை மடக்கிக்கொண்டு, “ஒட்டுமாடி இன்னும்?” என்றாள். “ஒட்டாது ஆன்ட்டி, டாக்டர் சொல்லிட்டாரு.” “டாக்டருக்கு என்ன, அவரு ஏசி காருல போவாரு.” ஜெனிட்டா சிரித்துக்கொண்டே வைகுந்தவல்லியின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கேமைப் போட்டு அவள் முன்னால் நீட்டினாள். “பாருங்க, அப்படியே இருக்கு. ஆனா என் பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது. பூட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை இறக்கிப் பார்த்தேன். அடின்னா கொட்டாவி விடுது. திரும்பச் சொன்னா படுத்துத் தூங்குது. என்கிட்ட உங்க அளவு மெடல் இல்லல்ல, அதான் மதிக்கல.” நாலு கையையும் தொங்கப்போட்டுக்கொண்டு திரிசூல் நின்றது. மூச்சு விட்டது. கீழே சின்ன எழுத்தில் வளர்த்தவர் பெயர் இருந்தது. வைகுந்த்.

அந்தப் பெயரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சைதாப்பேட்டை வந்து போனது. “நேத்து என்னுது எல்லாம் அழிஞ்சுபோச்சும்மா” என்றாள் மெதுவாக. ஜெனிட்டாவின் கை வாய்க்குப் போனது. “எல்லாமா? கூடுவானுமா?” உலகத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய ஒரே ஆள். வைகுந்தவல்லி தலையாட்டினாள். அப்போதுதான் கண் கலங்கியது, அதைத் தலைப்பால் துடைக்காமல் விட்டாள். “யாரு ஆன்ட்டி அழிச்சது?” “நான்தான்.” அந்தப் பெண் தோள்பையை மடிக்கு இழுத்து, “வயர் கொண்டுவந்திருக்கேன். இதையாவது இப்பவே உங்களுக்குத் திருப்பித் தந்துடறேன். சரியா?” என்றாள். ஆனால் அதுவும் ஆகாது என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. புது ஆட்டத்தில் மாற்றிக்கொடுக்க ஒன்றுக்கு இரண்டு பிராணி வேண்டும், முதல் ஊரையாவது தாண்டியிருக்க வேண்டும். அப்படியே வாங்கினாலும் திரிசூலுக்கு இவளை அடையாளம் தெரியாது. பெயரோடு விளையாட்டு ரகசியமாக ஒரு எண்ணும் வைத்திருக்கும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வேறு எண். அதே பெயரை மறுபடி போட்டாலும் இவள் வேறு ஆள்தான். ஒரு மெடல்கூட இல்லாத வேறு ஆள். அடி என்றால் இவளைப் பார்த்தும் கொட்டாவி விடும். அவள் வளர்த்த கல். இதை நினைத்தபோது மறுபடி ஒரு அதிர்ச்சி வந்தது, ஆனால் இதற்கு அடியில் ஏதோ தரை தட்டியது.

“சரியா ஆன்ட்டி? வயரை எடுக்கட்டா?” மாம்பலத்தில் இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். வைகுந்தவல்லி யோசித்தாள். ஜெனிட்டா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஜன்னலைப் பார்க்கவில்லை, மணி பார்க்கவில்லை. கோடம்பாக்கம் தாண்டியது. “இல்ல. உன்கிட்டயே இருக்கட்டும்” என்றாள் வைகுந்தவல்லி. “நான் முதல்லேருந்து வரேன். அது மதிக்கிற அளவுக்கு மெடல் வாங்கினதும் கேக்கறேன், அப்பக் குடு. அதுவரைக்கும் சண்டைக்கு இறக்காத.” “இறக்கினாலும் தூங்கத்தானே போவுது” என்று எழுந்தாள் ஜெனிட்டா. வாசல்வரை போய்த் திரும்பி வந்து, ஒரு பேப்பர் மூலையைக் கிழித்துப் போன் நம்பர் எழுதி, கைப்பைக்குள் போட்டுவிட்டு இறங்கி ஓடினாள்.

வைகுந்தவல்லி கேமைப் போட்டாள். புது ஆட்டம் என்ற இடத்துக்கு அம்புக்குறியை நகர்த்தினாள். தன் பெயரை மறுபடி போடவேண்டும் என்றால் ஆதிராவின் ஆட்டத்தை அழிக்கவேண்டும். என்னதான் வைத்திருக்கிறாள் என்று பார்க்கத் திரும்பிப் போய் ‘தொடர்க’வை அழுத்தினாள். குழந்தையிடம் ஒரே ஒரு பிராணி இருந்தது. தீ கக்குகிற ஒரு குட்டிப் பன்றி. பெயர் பஜ்ஜி என்று வைத்திருந்தாள். வைகுந்தவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மூக்கு வழியாக, கொய்யாக்காரி திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. இதை அழிக்க யார் சொன்னாலும் முடியாது. பெயர் ஆதிரா என்றே இருக்கட்டும், காதுகுத்துக்குப் போகும்போது இது எங்கே வரைக்கும் வந்திருக்கிறது என்று காட்டலாம், காட்டும்போது சேவ் பண்ணினால் என்னவெல்லாம் அழியும் என்றும் சொல்லவேண்டும். கட்டிலையும் டிவியையும் செடியையும் விட்டு, படியிறங்கி, கதவைத் திறந்து, பஜ்ஜியோடு தெருவுக்கு வந்தாள். தெருமுனையில் புல் அசைந்தது.

சேத்துப்பட்டில் செங்கமலம் பூச்சரத்தின் நுனியைப் பல்லால் கடித்து இறுக்கிவிட்டு அவள் முழங்காலைத் தட்டினாள். “ஏண்டி, கிளம்பினதுலேருந்து கேக்குறேன். ஞாயித்துக்கிழமை கேசரிக்குச் சரிதானே? ரவை வாங்கச் சொல்லணும்.”

வைகுந்தவல்லி திரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

“இரு, யோசிக்கிறேன்” என்றாள்.

செங்கமலம் இப்படி ஒரு பதிலை அவள் வாயிலிருந்து கேட்டதில்லை. வாய் திறந்தது, மூடியது, பூ கையிலேயே இருந்தது. எழும்பூர் வந்து, ஆட்கள் இறங்கி, ஆட்கள் ஏறி, வண்டி மறுபடி கிளம்பும்வரை அவள் அப்படியே காத்துக்கொண்டிருந்தாள்.